இரண்டாவது மகனின் பெயர்

செப்டம்பர் 8, 2025, திங்கள்

என் தாத்தா சின்னப்பனை, தகப்பனுக்குப் பிறக்காதவர் என்று சொன்னார்கள். சொன்னது ஊரார் இல்லை, கூடப் பிறந்த அண்ணன் பேட்ரிக்கின் வீட்டார். அது பொய். மூன்று தலைமுறையாக வாயால் சொன்னதை இப்போது கல்லில் வெட்டப் போகிறார்கள்.

மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது, இரண்டு வீட்டுக்கும் பழக்கமான ரூத் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேட்ரிக்கின் பேரன் ஆல்வின், செங்கல்பட்டுக் கல்லறையில் கொள்ளுத்தாத்தாவுக்குப் புதுக்கல் வைக்கிறானாம். கல்லறைத் திருநாளன்று மந்திரிப்பார்களாம். அயர்லாந்திலிருந்து ஓர் உறவுக்கார அம்மாள் அதற்கென்றே வருகிறாளாம். கல்லில் பிள்ளைகள் என்று இரண்டே பெயர், பேட்ரிக், ஹனோரா.

பிறந்தது நான்கு. பேட்ரிக், சின்னப்பன், தாயம்மாள், ஹனோரா. கொள்ளுத்தாத்தா திமோத்தி ஹனஃபின் அயர்லாந்துக்காரர், செய்யூர்ப் பக்கம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தார். எங்கள் காலனியிலிருந்து உப்பு வாரப் போன பெண்ணோடு குடும்பம் நடத்தினார். காலராவில் செத்தார். அவர் போனதும் பேட்ரிக்கையும் ஹனோராவையும் துரை பிள்ளைகள் என்று விடுதிப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். மற்ற இரண்டும் தாயோடு காலனிக்குத் திரும்பின. அதற்குப் பேட்ரிக் வீட்டார் பின்னால் சொன்ன காரணம் பெயர்தான். சின்னப்பன் என்பது தாயின் அப்பா பெயர். தாயம்மாள் என்பது தாயின் அம்மா பெயர். துரைக்குப் பிறந்திருந்தால் துரை வீட்டுப் பெயரை வைத்திருக்க மாட்டாரா என்றார்கள். நம் பக்கத்தில் தாய் வீட்டுப் பெயரை மட்டும் சுமக்கிற பிள்ளையை அப்படித்தான் பேசுவார்கள்.

என் அப்பா இந்தப் பேச்சை அவர் கல்யாணப் பந்தியிலேயே கேட்டவர். பாதி இலையில் எழுந்து போனாராம்.

செப்டம்பர் 9

இரண்டு ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டிவிட்டேன். கையில் கோபம் இருக்கும்போது கத்தரிக்கோலைத் தொடக் கூடாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

செங்கல்பட்டு போய் ஆல்வினைப் பார்த்தேன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வாசல் பலகையில் ஆல்வின் ஹனஃபின் என்று எழுதியிருக்கிறான். அவன் அப்பா காலத்தில் அந்தப் பலகை இல்லை.

டீ நல்ல கோப்பையில் வந்தது. தட்டில் கேக். உபசரிப்பில் குறையே இல்லை. கேட்ட ஒன்றைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள்.

கல்லில் நான்கு பெயரும் இருக்க வேண்டும் என்றேன். அவன் பொறுமையாகப் பேசினான். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சல்.

"கோவிச்சிக்காதீங்க. நா டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன், அயர்லாந்து லேடியோட மேட்ச் ஆச்சு. ப்ரூஃப் கீது. நீங்களும் ஒரு குழாயில எச்சி துப்பி அனுப்புங்க. மேட்ச் ஆனா நானே பேரப் போடறேன்."

"ஒங்க தாத்தா பேட்ரிக்க யாருனா துப்பச் சொன்னாங்களா?"

"அவருக்கு இன்னாத்துக்கு? அவரு பேரே சொல்லுதே."

"அப்ப ஒங்களுக்குப் பேரு போதும். எங்களுக்குத்தான் எச்சி."

அவன் மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் எழுந்து வந்துவிட்டேன். கேக்கைத் தொடவில்லை.

செப்டம்பர் 16

தம்பி வரதன் வந்து ஒரு மணி நேரம் எனக்குப் புத்தி சொன்னான். மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன். எந்தச் சண்டையையும் ஃபியூஸைப் பிடுங்கி முடித்துவிடலாம் என்று நினைப்பவன்.

"ஒரு தபா துப்பிட்டா முடிஞ்சிது. செத்தவனுக்குப் புள்ள ரெண்டா நாலானு நீ இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ணிகினு கீற?"

துப்பலாம். ஒத்தும் வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துப்பினால், இத்தனை நாள் அவர்கள் சந்தேகப்பட்டது நியாயம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அண்ணனைக் கேட்காத கேள்வியைத் தம்பியை ஏன் கேட்டார்கள்? அதற்கு முதலில் பதில் வரட்டும்.

இதையெல்லாம் வரதனிடம் சொன்னேன். "சரி, துப்பாத. முழுங்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாமல்லபுரம் போனேன், திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில். கல் எந்தப் பட்டறையில் இருக்கிறது என்று ரூத் விசாரித்து வைத்திருந்தாள். கலையரசன் என்பவருடையது. ஒரு பக்கம் பிள்ளையார் வரிசை, ஒரு பக்கம் ரிசார்ட்டுக்குப் போகிற புத்தர் வரிசை. நடுவில் கறுப்புக் கல்லில் எங்கள் குடும்பம்.

எழுத்து வெட்டி முடிந்திருந்தது. திமோத்தி ஹனஃபின், கெர்ரி, அயர்லாந்து. அவருடைய பிள்ளைகள் பேட்ரிக், ஹனோரா. விரலால் தடவிப் பார்த்தேன். ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறார்.

இன்னும் இரண்டு பெயர் வெட்ட முடியுமா என்று கேட்டேன்.

"ஆர்டர் குடுத்தவரு சொன்னாத்தாம்மா உளி எடுப்பேன். பெருமாளே வந்து சொன்னாலும் மாட்டேன்."

"கீழ எடம் காலியாத்தான கீது?"

"அது அழகுக்கு வுட்டது."

எங்கள் தாத்தா இருக்க வேண்டிய இடத்தில் அழகு.

அக்டோபர் 3

ரூத் தேடிக் கொடுத்த முகவரியில் அயர்லாந்து அம்மாளுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பெயர் நோரீன். திமோத்தியின் தம்பி வழியில் வந்தவளாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முன்னோர்களைத் தேடி எடுத்து, அவர்கள் பிள்ளைகளைத் தேடி எடுத்து, ஒரு இணையதளமே வைத்திருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்பு வரை அதில் திமோத்தியைப் பற்றி ஒரே வரிதான் இருந்ததாம். திருமணமாகாமல், பிள்ளையின்றி இந்தியாவில் இறந்தார். ஆல்வின் எழுதிய பிறகு மாற்றியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள், தாய் பெயர் தெரியாத உள்ளூர்ப் பெண்.

பெயர் தெரியாத. யாரைக் கேட்டுத் தெரியவில்லை?

நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவள். ஆங்கிலம் கற்றுக்கொண்டது தையல் புத்தகங்களில், படத்தைப் பார்த்துச் சொல்லைப் பிடித்து. எழுத ஒரு பகல் முழுக்க ஆயிற்று. "இன்னும் இரண்டு பிள்ளைகள் உண்டு. அவர்களை ஏன் அழித்தீர்கள்?" இவ்வளவுதான். வணக்கம்கூடப் போடவில்லை.

அக்டோபர் 6

பதில் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். மாத இறுதியில் வருகிறாளாம், சந்திக்கலாமாம். அதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் பெயர், பிறந்த வருடம், ஞானஸ்நானப் பதிவு இருந்தால் அனுப்ப வேண்டுமாம்.

இவளும் ஆதாரம் கேட்கிறாள். அந்தக் காலத்துக் கோயில் பதிவேடு கரையானுக்குப் போனது இவளுக்குத் தெரியுமா? ஆல்வினின் எச்சில் ஆதாரம். என் வாய்ச்சொல் ஒன்றுமில்லை. பதில் எழுதவில்லை. எழுதப் போவதுமில்லை.

அக்டோபர் 20

தீபாவளித் தையலெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. மழை. இடுப்பு வலி.

அக்டோபர் 29, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நோரீன் மாமல்லபுரத்தில் தங்கியிருப்பதும், ஆல்வின் இன்று அவளைக் கல்லைப் பார்க்க அழைத்துப் போவதும் ரூத் சொல்லித் தெரியும். புயல் மழை விட்டு ரோடெல்லாம் தண்ணீர். வரதன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வழி முழுக்க, சண்டை போடாதே என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

பட்டறைக் கூரைக்கடியில் மூன்று பேரும் இருந்தார்கள். நோரீன் என்னைவிடக் குள்ளம். நரைத்த முடி, மழைக்கோட்டு, காலில் சேறு. என்னைப் பார்த்ததும் ஆல்வின் முகம் சுருங்கியது.

"இங்கயும் வந்துட்டீங்களா?"

அவனைத் தாண்டிப் போனேன். நோரீனிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன், நான் சின்னப்பனின் பேத்தி, திமோத்தியின் இரண்டாவது மகன் சின்னப்பன் என்று. உங்களிடம்தானே பெயர் கேட்டிருந்தேன், ஏன் அனுப்பவில்லை என்றாள். நான்கு பெயரையும் பிறந்த வரிசையில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சின்னப்பன் என்பது யாருடைய பெயர் என்று கேட்டாள். தாயின் அப்பா பெயர் என்றேன். ஆல்வின் தொண்டையைச் செருமினான். அது அவன் கட்சிக்கு நல்ல சாட்சி அல்லவா. தாயம்மாள்? தாயின் அம்மா.

அந்த அம்மாள் பாதி செதுக்கிய நந்தியின் முதுகில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொல்லி, விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

பிறகு அவள் சொன்னது இது. அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க ஒரு வரிசை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். திமோத்தியின் அப்பா பேட்ரிக், அம்மா ஹனோரா. திமோத்தியின் தம்பிகள், தங்கைகள் எல்லோர் வீட்டிலும் இதே வரிசைதானாம். இந்தியக் கிளையில் மட்டும் அப்பா பக்கத்துப் பெயர் இரண்டும் இருந்து, அம்மா பக்கத்துப் பெயர் இரண்டும் இல்லாமல் இருந்தது. நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து செத்திருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

இது கோர்ட்டில் நிற்கிற சாட்சி இல்லை என்றும் சொன்னாள். ஆனால் மனைவி என்று மதிக்காத பெண்ணின் தகப்பன் பெயரை அவர்கள் ஊர்க்காரன் எவனும் தன் மகனுக்கு வைக்க மாட்டான் என்றாள்.

எந்தப் பெயரைக் காட்டித் தள்ளிவைத்தார்களோ, அந்தப் பெயர்தான் அந்த மனுஷன் கொடுத்த வாக்கு. தள்ளியவர்களுக்கு அவர் ஊர் வழக்கம் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. எங்கள் வழக்கத்தை வைத்து அவரை அளந்தோம், எல்லோரும் சேர்ந்து.

ஆல்வின் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். கலையரசன் அவனைப் பார்த்துச் சொன்னார். "அப்ப கீழ எடம் வுட்டது நல்லதாப் போச்சு, சார்."

நான் அழவில்லை. வரதன்தான் அழுதான். வண்டி ஓட்டிக்கொண்டே அழுதான், திட்டி நிறுத்தச் சொன்னேன்.

அக்டோபர் 30

ஆல்வினுக்கு நான்தான் போன் செய்தேன். கல்லறைத் திருநாளுக்கு நான்கு பெயரோடு கல் வந்துவிடுமா என்று கேட்டேன். நாள் பத்தாது என்றான். நாள் பத்தும் என்று கலையரசன் சொன்னதைச் சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எம் பொண்ணு ஜெனிஃபருக்கு ஜனவரியில கல்யாணம் வச்சிக்கீது. மாப்ள வூட்ல நாங்க தொரை வம்சம்னு சொல்லிக்கீறோம். அந்த ரெண்டு பேரும் கல்லுல ஏறினா, இது யாரு வூட்டுப் பேருனு கேப்பாங்க. அந்தம்மா எந்த ஊரு, எந்தத் தெருனு கேப்பாங்க. நா இன்னா சொல்றது?"

"காலனினு சொல்லு."

போனை வைத்துவிட்டான்.

இதுதானா? இதுதானா விஷயம்? அப்ப எங்க தாத்தா யாருக்குப் பொறந்தாருனு எவனுக்கும் சந்தேகமே இல்ல. ஆத்தாகாரி சேரிக்காரினு வெளிய தெரியக் கூடாது, அதுக்கு ரெண்டு புள்ளய அறுத்துப் போட்டாங்க. அதுக்கு எங்கப்பன் பாதி எலையில எழுந்து போனான். என்னைக் குழாயில துப்பச் சொன்னானே, துப்பி ஒத்து வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பான்? வேற குழாய் தேடியிருப்பான்.

அவன் உடம்பில் ஓடுவதும் அவள் ரத்தம்தானே? ஹனஃபின் என்று பலகை மாட்டினால் பாதி ரத்தம் வடிந்துவிடுமா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

கல் வரவில்லை. கூட்டத்தில் எங்கள் கல்லறை மட்டும் பழைய செங்கல் மேடாகவே இருந்தது. நான், வரதன், நோரீன், ஆல்வின், அவன் மனைவி, ஜெனிஃபர். எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். பாதிரியார் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார்.

நோரீன் ஒரு கேள்வி கேட்டாள். அம்மாவின் அப்பா பெயர் கிடைத்தது, அம்மாவின் அம்மா பெயர் கிடைத்தது, அந்த அம்மாவின் பெயர் என்ன? அவர்கள் வழக்கப்படி மூன்றாவது மகளுக்குத்தான் தாயின் பெயர் போகுமாம். இங்கே மூன்றாவது மகள் பிறக்கவில்லை.

நான் வரதனைப் பார்த்தேன், வரதன் என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டில் அவளை உப்பளத்து ஆயா என்றுதான் சொல்வார்கள். வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவிடம் கேட்டதும் இல்லை. தாத்தாவுக்குத் தகப்பன் யார் என்று நிரூபிப்பதிலேயே எங்கள் ஆயுசு போய்விட்டது. தாயைப் பற்றி யாருக்கும் கேள்வி இல்லை, அதனால் பதிலும் இல்லை.

பெயர் தெரியாத உள்ளூர்ப் பெண். அந்த வரிக்காக ஒரு மாதமாக நோரீனைத் திட்டினேன். தெரியாது என்று இன்று என் வாயால் நானே சொன்னேன்.

ஆல்வின் வைத்த மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது, ஏற்றிக்கொண்டே இருந்தான்.

நவம்பர் 3

நோரீன் விமானம் ஏறிவிட்டாள். கெர்ரியிலிருந்து கொண்டுவந்த ஒரு கம்பளிச் சால்வையை எனக்குக் கொடுத்தாள். அச்சரப்பாக்கத்தில் இதை எந்த மாதம் போர்த்துவது?

நவம்பர் 5, புதன்

காலையில் ஆல்வின் வந்தான். என் கடைக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். பட்டன் டப்பாவை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எங்கப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்க மூணு பேரு. பெரிய அத்த கிரேஸ், கடைசி அத்த மேபல். நடுவுல ஒரு அத்த, ரெண்டாவது. அவங்க பேரு ஞானப்பூ."

நான் தைப்பதை நிறுத்தினேன்.

"எல்லாருக்கும் இங்கிலீஷ் பேரு, அவங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு இப்டினு சின்ன வயசுல கேட்டுக்கீறேன். புள்ளய வளத்த ஆயா வச்ச பேருன்னாங்க. அன்னிக்கு அந்த லேடி வெரல மடக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சு. ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு. எங்க தாத்தா, அவரோட அம்மா பேர வச்சிக்கீறாரு. கல்லறைல சொல்ல வாய் வர்ல, அக்கா."

அக்கா என்றான். அண்ணன் தம்பி பிள்ளைகளின் பிள்ளைகள் நாங்கள், முறை அதுதான். அறுபத்தைந்து வயதில் முறை தெரிந்திருக்கிறது.

ஞானப்பூ.

பேட்ரிக் தாத்தா தன் தாயை மறைக்கவில்லை. விடுதியில் வளர்ந்து, ரயிலில் வேலை பார்த்து, வரிசை தவறாமல் தன் இரண்டாவது மகளுக்கு அவள் பெயரை வைத்திருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். நூறு வருடம் அந்தப் பெயர் அவர்கள் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறது, சாப்பிட்டிருக்கிறது, செத்தும் போயிருக்கிறது. ஆயா வைத்த பெயராம்.

கல்லில் ஐந்து பெயரும் போட்டுவிடலாம், ஆனால் கல்யாணம் முடியட்டும் என்றான். பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாமாம். முடியாது என்றேன். அவன் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. டீ வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

நவம்பர் 9, ஞாயிறு

கலையரசன் போன் செய்தார். ஆல்வின் சார் மூன்று பெயர் சேர்க்கச் சொல்லிவிட்டாராம், எங்கே எப்படி என்று என்னைக் கேட்டுக்கொள்ளச் சொன்னாராம். பழைய இரண்டு பெயருக்கு நடுவில் புதிய பெயரை நுழைக்க முடியாது, கல்லின் முகத்தை மறுபடி இழைத்துப் புதிதாகத்தான் வெட்ட வேண்டும் என்றார். இழையுங்கள் என்றேன். என்றைக்கு வைப்பது என்பதை மட்டும் ஆல்வின் அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே எழுதிவைக்கிறேன்.

கலையரசன்: ஞானப்பூவின் பெயரைத் திமோத்தியின் பெயருக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டும், கீழே இல்லை. எழுத்து அதே உயரம், அதே ஆழம். பிள்ளைகள் பிறந்த வரிசையில் நான்கு பேர். தமிழிலும் வெட்ட வேண்டும். காலனியிலிருந்து வருகிறவர்கள் படிக்க வேண்டும்.

நோரீன்: 'பெயர் தெரியாத' என்பதை எடுக்க வேண்டும். ஞானப்பூ, தகப்பன் சின்னப்பன், தாய் தாயம்மாள், திமோத்தியின் மனைவி என்று போட வேண்டும். இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன், இந்த முறை வணக்கம் போட்டு.

வரதன்: கல்லறை மேட்டில் முளைத்த வேம்பை வேரோடு எடுக்க வேண்டும். அங்கே நின்று அழக் கூடாது.

ஆல்வின்: கல்லைக் கிறிஸ்துமசுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இல்லை.

நான்: எந்தக் குழாயிலும் துப்பக் கூடாது.

ஜெனிஃபருக்கு ஞானப்பூ யார் என்று சொல்ல வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் கல்லில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால். அது அவள் அப்பன் வேலை. நவம்பர் முடிவதற்குள் அவன் சொல்லாவிட்டால் என் வேலை.